அறுபத்தொன்றாம் ஆமை

ஜன்னலோரம் வேண்டுமானால் நீங்கள் உட்காருங்கள் அண்ணா. எனக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. கையில் இருக்கிறதே, இதைத்தான் பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள். முப்பத்தெட்டு வயது ஆளுக்குக் கேம் மெஷின் எதற்கு என்று நினைப்பீர்கள். என் மாமனாரும் அதைத்தான் நினைத்தார். பெண்ணைக் கொடுத்த பிறகு நினைத்தார், அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பதினோரு மணிக்குள் கோயமுத்தூர் ஹோப்ஸில் இறங்கி, ஒரு கல்யாண மண்டபத்தில் காத்திருக்கும் என் மனைவியிடம் இந்த ஆமையைக் கொடுக்க வேண்டும். இதோ, திரையில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறதே, இதுதான். கல்யாணம் இல்லை அண்ணா, போட்டி. இந்த விளையாட்டுக்கு மண்டல அளவில் போட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இறுதி ஆட்டம். ஆடப்போவது நான் இல்லை. அவள்.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மயில்சாமி. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் மேற்பார்வை. பதினாறு வருடமாக அதே வேலை. ஒரு பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் போதும், எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே ஊசி ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை என்று சொல்லிவிடுவேன். என் கை பட்டுக் கழிந்த பீஸ் செகண்ட்ஸ் மூட்டைக்குப் போய்விடும். எவன் சிபாரிசும் செல்லாது.

இந்த விளையாட்டும் அப்படித்தான். காட்டில் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, ஆறு பிராணி கொண்ட படை சேர்த்து, அடுத்தவர் படையோடு மோதவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் அழகாக இருப்பதைப் பிடித்து ஆடுவார்கள், தோற்பார்கள், அழுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் உள்ளே பார்ப்பார்கள்.

உள்ளே என்றால், ஒரே துணி, ஒரே அளவு, ஒரே ஆள் தைத்த இரண்டு பனியன் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று முதல் சலவையில் சுருங்கிவிடும். இன்னொன்று ஐந்து வருடம் உழைக்கும். லேபிளில் அதை எவனும் எழுதமாட்டான். இங்கேயும் ஒவ்வொரு பிராணிக்கும் முட்டையிலேயே சில எண்கள் விழுந்துவிடும். பலத்துக்கு ஒன்று, தாங்கும் சக்திக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று, இப்படி ஆறு. ஒவ்வொன்றும் பூஜ்யத்திலிருந்து முப்பத்தொன்று வரை. விளையாட்டு அதைக் காட்டவே காட்டாது. பிறந்த எண் பிறந்ததுதான், மாற்றவும் முடியாது.

ஒரே ஒரு துப்பு உண்டு. விளையாட்டுக்குள் ஒரு சந்தையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பாள். பிராணியைக் காட்டினால் ஒரு வரி சொல்வாள். "இதுக்கு மேல ஒண்ணு நான் பார்த்ததில்லை" என்றால் முப்பத்தொன்று. "பரவாயில்லை" என்றால் நடுத்தரம். "ஐயோ பாவம்" என்றால் பூஜ்யம். எந்த வரிக்கு எந்த எண் என்று கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

இது பிறவி. இதற்கு மேல் பயிற்சி என்று இன்னொரு மறைவுக் கணக்கு இருக்கிறது. வேகமான பறவைகளோடு மோதி ஜெயித்தால் வேகம் ஏறும். ஓடு தடித்ததோடு மோதினால் தாங்கும் சக்தி ஏறும். ஒன்றில் நூறு வரைதான் ஏற்ற முடியும். இறக்கவும் வழி உண்டு. வேகத்தை இறக்க நெல்லிக்காய். ஒரு நெல்லிக்காய் கொடுத்தால் பத்துப் புள்ளி போய்விடும். அதை எவன் கொடுப்பான்? ஏற்றினதை இறக்க யாருக்காவது பைத்தியமா?

ஒட்டுதல் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. பிராணி நம்மோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று. மெஷினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் ஏறும், பழம் கொடுத்தால் ஏறும். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு.

இந்த ஆமை ஜாதியில் ஆறு எண்ணும் முப்பத்தொன்றாக ஒன்று வேண்டும் என்று நான் முட்டை பொரிக்க ஆரம்பித்தேன். இருநூற்றுப் பதினான்கு முட்டை. கடைசி முட்டையில் வந்தான். வேந்தன் என்று பெயர் வைத்தேன். அந்த அம்மாள் ஆறு தடவை "இதுக்கு மேல ஒண்ணு நான் பார்த்ததில்லை" என்றாள். நான் எழுந்து நின்றுவிட்டேன் அண்ணா. வாணி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, வேலை நிரந்தரம் ஆயிருச்சுங்களா?" என்றாள்.

வாணி என்றால் கோகிலவாணி. என் மனைவி. வீட்டிலேயே ஓவர்லாக் மெஷின் போட்டுத் தைக்கிறாள். பொறுமைசாலி. ஆனால் எண் பார்க்கத் தெரியாது.

வேந்தனுக்கு முன்னால் பிறந்த இருநூற்றுப் பதின்மூன்றையும் வேந்தனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது அல்லவா? அதனால் ஒவ்வொன்றுக்கும் ரிஜெக்ட் 1, ரிஜெக்ட் 2 என்று பெயர் போட்டுக்கொண்டே வந்தேன். தொழில் பழக்கம். மொத்தமாகக் காட்டில் விட்டுவிடப் போகிறேன் என்று சொன்னபோது வாணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையுமா உடப்போறீங்க?"

"பின்ன என்ன, சோறு போட்டு வளர்க்கவா?"

"சித்த இருங்க" என்று அவளே பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அறுபத்தொன்றில் நின்றாள். "இத எனக்குக் குடுங்க. மூஞ்சியப் பாருங்க, திட்டு வாங்குன மாதிரியே இருக்குது."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அறுபத்தொன்றுக்கு வேகம் பூஜ்யம். "ஐயோ பாவம்" என்று அந்த அம்மாளே சொன்னது. எல்லா ஆமைக்கும் ஒரே மூஞ்சிதான், படம் ஒன்றுதான் என்று சொன்னேன். கேட்கவில்லை. என் பழைய மெஷினைக் கொடுத்து, அறுபத்தொன்றையும் அதற்குள் அனுப்பிவைத்தேன். மற்றதைக் காட்டில் விட்டாயிற்று. பெரிய மனது செய்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

டிக்கெட் எடுத்தாச்சுங்க கண்டக்டர். ஹோப்ஸ்.

எங்கே விட்டேன்? ஆம். அவள் அந்த மெஷினை நைட்டிப் பையில் போட்டுக்கொண்டு எல்லா இடத்துக்கும் போனாள். ரேஷன் கடைக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, மாவு அரைக்க. எங்கள் மகள் மூன்றாம் வகுப்பு, அவளுக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. "அம்மா ஆமையோட பேசுது" என்று என்னிடம் வந்து புகார் சொல்வாள்.

ஒருநாள் சோறு போடும்போது வாணி கேட்டாள். "ஏனுங்க, மெதுவாப் போறது முந்திக்கற மாதிரி வழி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

நான்தான் அண்ணா சொல்லிக்கொடுத்தேன். இதைக் கவனியுங்கள். நான்தான். தலைகீழ்க் காற்று என்று ஒரு வித்தை இருக்கிறது, அதை வீசினால் ஐந்து சுற்றுக்கு எல்லாம் மாறிவிடும், யார் மெதுவோ அவர் முதலில் அடிக்கலாம், ஆனால் அதை ஒருவரும் ஆடுவதில்லை, ஏனென்றால் எல்லோரும் வேகத்துக்குத்தான் வளர்க்கிறார்கள் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன். அவள் "ஓ" என்றாள். இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். அவ்வளவுதான் நடந்தது.

போன மாதம் திருப்பூர் சுற்று. இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம். அவள் ஒரு ஆட்டத்தில் தோற்றுவிட்டு வேடிக்கை பார்ப்பாள் என்று நினைத்தேன். அரையிறுதியில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். எங்கள் செக்கிங் பிரிவிலிருந்து சம்பத், இன்னும் நாலு பேர், எனக்குக் கைதட்ட வந்திருந்தார்கள்.

வேந்தனை இறக்கினேன். அவள் அறுபத்தொன்றை இறக்கினாள். காற்றை வீசினாள். அவ்வளவுதான் அண்ணா. உலகத்திலேயே இல்லாத வேகம் என் வேந்தனுக்கு. அந்த வேகத்தாலேயே அவன் கடைசியில் நின்றான். இருநூற்றுப் பதினான்கு முட்டை பொரித்து நான் சேர்த்த முப்பத்தொன்று, அவளுடைய பூஜ்யத்துக்கு முன்னால் கைகட்டி நின்றது. வேந்தன் அடிக்க வாயைத் திறப்பதற்குள் அந்தக் கழிசல் இரண்டு அடி அடித்துவிடும். ஐந்து சுற்று. என் படை மொத்தமும் படுத்துவிட்டது.

அவள் இறுதியிலும் ஜெயித்துக் கோப்பை வாங்கினாள். அப்போது திரையில் என்ன வந்தது தெரியுமா? வென்றவர் கோகிலவாணி. சிறந்த பிராணி ரிஜெக்ட் 61. பிறக்கவைத்தவர் என்று என் பெயர் வரவேண்டும் இல்லையா? பிராணியின் குறிப்பில் முதல் உரிமையாளர் மயில்சாமி என்று இருக்கிறது, இதோ பாருங்கள், சின்ன எழுத்தில். அதைத் திரையில் போடவில்லை.

பொறாமை என்று நினைக்காதீர்கள். ஒரு நியாயம் பேசுகிறேன்.

அதற்குப் பிறகு நான் பட்டதைக் கேளுங்கள். சம்பத் தினமும், "ஏனுங் மயிலண்ணா, இப்ப ஊட்டுல பாடம் யாரு யாருக்கு எடுக்கறீங்க?" என்பான். கம்பெனி மேனேஜர் பதினாறு வருடத்தில் என்னை "யோவ் செக்கிங்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு என்னை நிறுத்தி, "நீங்கதான் கோகிலவாணி வீட்டுக்காரரா?" என்றார். என் பெயர் அவருக்கு இன்னும் தெரியாது. டீக்கடையில் என் டீக்குக் காசு வாங்கவில்லை. அவளுக்காகவாம்.

வீட்டில் அவள் பெருமை அடித்திருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். கோப்பையைத் தையல் மெஷின் பக்கத்தில் வைத்து அதில் பாபின் போட்டு வைத்தாள். எனக்குப் பிடிக்குமென்று அப்பளம் பொரித்தாள். அந்த அப்பளத்தை எப்படித் தின்பது, சொல்லுங்கள்?

இதோ அவினாசி தாண்டிவிட்டது. மணி ஒன்பதே முக்கால். நேரம் இருக்கிறது.

நேற்றுக் காலையில் வாணி மகளைக் கூட்டிக்கொண்டு பீளமேட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். அங்கிருந்து மண்டபம் பக்கம். கிளம்பும்போது அறுபத்தொன்றை என் மெஷினுக்கு அனுப்பிவிட்டு நின்றாள்.

"ஏனுங்க, இதும் பேர மட்டும் மாத்திக் கொண்டாங்க. பெரிய திரையில என் பேருக்குப் பக்கத்துல ரிஜெக்ட்னு வந்தா நல்லாவா இருக்கும்?"

பெயர் வைத்தவர்தான் மாற்ற முடியும், அது விளையாட்டின் சட்டம். மெஷின் இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் கைமாற்றவும் முடியும். அதனால்தான் இந்தப் பஸ்.

"என்ன பேரு வேணும்?" என்றேன்.

"உங்களுக்குத் தோணுனத வைங்க. அதுகூட ஒரு மூட்டை இருக்குது, பசிச்சாக் குடுங்க."

விளையாட்டில் பிராணிக்குப் பசி ஏது? அவளுக்கு எல்லாம் அப்படித்தான். ஆமையோடு திரையில் வந்த அந்த மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஓரமாகப் போட்டேன்.

அவள் போன பிறகு அறுபத்தொன்றைச் சந்தைக்குக் கொண்டுபோனேன். எண்களைச் சரிபார்க்கத்தான். அந்த அம்மாள் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒட்டுதலைப் பற்றி ஒரு வரி சொல்வாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொல்வதுதான். "இது வேறு யாரையோ தேடுகிறது."

முட்டையிலிருந்து எடுத்தவன் நான் அண்ணா. முட்டையிலிருந்து!

சரி, சொல்லிவிடுகிறேன். உங்களை இனி எங்கே பார்க்கப்போகிறேன். அதை விளையாட்டில் இருக்கும் பறவைப் பாறைக்குக் கூட்டிப்போனேன். முப்பது பறவை. ஒன்றுக்கு இரண்டு புள்ளி. அறுபது புள்ளி வேகம் ஏற்றினேன். நாலு புள்ளிக்கு ஒன்று வீதம் திரையில் கூடும். பிறவி எண் பூஜ்யமானாலும் வளர்ந்ததில் முப்பத்தாறாக இருந்த வேகம் ஐம்பத்தொன்றாகிவிட்டது.

முகத்தைச் சுளிக்காதீர்கள். வேகம் ஏற்றுவது கெடுதலா? நான் எதையும் குறைக்கவில்லையே. கூட்டித்தானே கொடுத்தேன்? இறுதி ஆட்டத்தில் எதிரே வருகிற சேலத்துக்காரரும் தலைகீழ்க் காற்று ஆடுகிறவர்தான். அவரிடம் கல்யானை என்று ஒரு பிராணி, அதற்கு வேகம் நாற்பத்திரண்டு. காற்றில் மெதுவானதுதானே முதலில் அடிக்கும், முப்பத்தாறு இருந்தால் நம் ஆமை முந்தும். ஐம்பத்தொன்று என்றால் கல்யானை முந்தும், ஒரே மிதி. அது எனக்குத் தெரியும்தான். தெரியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாணி எண் பார்க்கிறவள் இல்லை, மூஞ்சி பார்க்கிறவள். மூஞ்சி மாறவில்லை. தோற்றால் அதிர்ஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொள்வாள். ஒரு தடவை தோற்கட்டுமே. நான் தோற்கவில்லையா?

இருங்கள், போன். அவள்தான்.

"சொல்லு... கருமத்தம்பட்டி வரப்போவுது... வெக்கல இன்னும், யோசிச்சுட்டு இருக்கறன்... ஆமை நல்லா இருக்குது, அதுக்கென்ன கேடு... என்ன? யாரு? வேந்தனா?... அவன் எதுக்கு?... ம்... ம்... அதுக்கப்பறம்?... ஏன் நேத்தே சொல்லல?... சரி. சரி வையி. கொண்டாறன்."

என்ன சொல்கிறாள் தெரியுமா? படையில் ஆறாவது இடத்தைக் காலியாக வைத்திருக்கிறாளாம். வேந்தனுக்காக. காற்று ஐந்து சுற்றுத்தானே அடிக்கும்? அதுவரைக்கும் அறுபத்தொன்று பார்த்துக்கொள்ளுமாம். ஆறாவது சுற்றில் காற்று நின்று எல்லாம் நேராகிவிடும். அப்போது எதிராளியிடம் இருப்பதெல்லாம் மெதுவானதாக நிற்கும். அப்போது வேந்தன் இறங்கினால் அவனைப் பிடிக்க ஆள் இல்லை என்கிறாள். "அவனாட்டம் வேகம் யாருகிட்டயும் இல்லீங்களே, நீங்க முட்டை முட்டையாப் பாத்து எடுத்ததல்ல" என்கிறாள். நேற்றே ஏன் கேட்கவில்லை என்றால், "கேட்டாத் தருவீங்களோ மாட்டீங்களோன்னு இருந்துச்சுங்க" என்கிறாள்.

பார்த்தீர்களா? கடைசியில் வேந்தன் இல்லாமல் முடியவில்லை. அவள் வாயாலேயே வந்துவிட்டது. நான் எதிர்பார்த்ததுதான்.

ஆனால் அண்ணா, ஒரு சிக்கல். அறுபத்தொன்று முதல் சுற்றில் மிதிபட்டால் அந்த ஐந்து சுற்றுக்கு யார் தாங்குவது? படை மொத்தமும் சரிந்துவிடும். வேந்தன் இறங்கும்போது பின்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பெரிய திரையில், அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால், வேந்தன் இரண்டாம் தடவை தோற்பான். அதுவும் நான் ஏற்றிய வேகத்தால். அதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? வேந்தனுக்காகச் சொல்கிறேன். ஆமைக்காக இல்லை.

அறுபது புள்ளி இறக்க ஆறு நெல்லிக்காய் வேண்டும். நெல்லி மரம் விளையாட்டில் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும். பஸ்ஸோ நீலாம்பூரை நெருங்குகிறது. கொஞ்சம் பேசாமல் இருங்கள் அண்ணா, யோசிக்கிறேன்.

அந்த மூட்டை. அவள் கொடுத்த மூட்டையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன், இருங்கள்.

அட!

நெல்லிக்காய் அண்ணா. எண்ணுங்கள், நீங்களும் எண்ணுங்கள். ஒன்று, இரண்டு... பத்து. பத்து நெல்லிக்காய்! என்ன அதிர்ஷ்டம் பாருங்கள். பச்சையாக உருண்டையாக இருக்கிறதே என்று எடுத்து வைத்திருப்பாள். ஏன் பத்து? பெண்பிள்ளைகள் எதை எடுத்தாலும் பத்தாகத்தான் எடுப்பார்கள். நூறு புள்ளியும் ஏறியிருந்தால்கூட இறக்கிவிடலாம். அவ்வளவெல்லாம் நான் ஏற்றவில்லை. நான் என்ன அப்படிப்பட்ட ஆளா?

இந்தா, தின்னு. ஒன்று. நாற்பத்தெட்டரை என்று காட்டாது, அரையை விட்டுவிடும். இரண்டு. மூன்று. எப்படித் தின்கிறது பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு. நான்கு. ஐந்து. ஆறு. முப்பத்தாறு! பழையபடி முப்பத்தாறு.

நேரம் இருக்கிறது, சந்தை அம்மாளிடம் ஒரு தடவை காட்டிவிடுகிறேன். எண் சரியா என்று பார்க்கத்தான். வேகம், "ஐயோ பாவம்." சரி. ஒட்டுதல்... "இது உங்களோடும் கொஞ்சம் பழகிவிட்டது." பழம் கொடுத்தால் ஏறும் என்றேன் இல்லையா, அதுதான். அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன். ஆம், அதேதான் சொல்கிறாள்.

ஹோப்ஸ் வருகிறது. பெயர் வைக்க வேண்டும். உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? வேண்டாம், இருங்கள், எனக்கே தோன்றிவிட்டது. நெல்லி. ஆறு நெல்லிக்காயை உட்கார்ந்த இடத்தில் தின்றதே. இதோ, ரிஜெக்ட் 61 போயிற்று. நெல்லி. பெரிய திரையில் நன்றாக இருக்கும். ஏன் இந்தப் பெயர் என்று வாணி கேட்டால் சும்மா தோன்றியது என்று சொல்லிவிடுவேன். நெல்லிக்காய் எதற்கு ஆகும் என்று அவளுக்கு என்ன தெரியும்?

ஏன் அண்ணா அப்படிச் சிரிக்கிறீர்கள்?

சரி, வருகிறேன். மீதி நான்கு நெல்லிக்காய் மூட்டையிலேயே இருக்கட்டும். அப்படியே கட்டித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அவள் என்ன, எண்ணியா பார்க்கப்போகிறாள்?